மின்தடை

எண்ணெய் வைக்காமல் வா என்றிருந்தோம்.
சீயக்காய் மணக்க வந்திருக்கிறாள் சிவபாக்கியம்,
கீழ்க்கோத்தகிரியிலிருந்து முதல் பேருந்தில்,
இரவு இரண்டு மணிக்கே எழுந்து
மறுபடி கண் மூடாமல்.
"முழிச்சிருக்கக் கஷ்டமா இருந்துச்சா?"
"வாசல்ல காட்டெருமை நின்னுச்சு மிஸ்.
தூக்கம் எங்க வரும்."

மூக்குக்கு மேல் பள்ளத்திலிருந்து
பிடரி மேடுவரை நாடா. முப்பத்தைந்து சென்டிமீட்டர்.
பத்து சதம், இருபது சதம் என்று
சிவப்புப் பென்சிலால் புள்ளி வைக்கிறேன்
வெட்டுவதற்கு முன் தையல்காரர் வைப்பதுபோல்.

உச்சிக்குச் சற்று முன்னால்
கூடைக்கயிறு இருபத்தாறு வருடம் அழுத்திய இடத்தில்
முடி இல்லை.
விரற்கடை அகலத்துக்கு மழமழவென்று ஒரு தடம்.
மற்ற இடமெல்லாம் முடி விலக்கிப் பசை தேய்த்து
மின்தடை இறங்கக் காத்திருக்க வேண்டும்.
இங்கே வைத்ததும் பிடித்துக்கொண்டது.
என்னிடம் வந்த எந்தத் தலையும்
இவ்வளவு சுத்தமான தொடர்பைத் தந்ததில்லை.
இதைப் பாராட்டாகச் சொல்லலாமா என்று
வாய் திறந்து, மூடிக்கொண்டேன்.

"ஷாக் வைக்க மாட்டீங்கள்ல?"
"நாங்க எதுவும் குடுக்கலைங்க.
நீங்க குடுக்கிறத வாங்கிக்கிறோம்."
"எங்கிட்ட என்ன இருக்கு குடுக்க."

ஒரு டார்ச் கட்டையில் இருப்பதைப்
பதினைந்து லட்சம் கூறு போட்டால்
முப்பது கூறு.
மண்டையோட்டைத் தாண்டி வெளியே வருவது
அவ்வளவுதான்.
அதையும் கேட்கவிடாமல்
கீழே தேயிலைத் தொழிற்சாலையின் மோட்டார்கள்,
நொடிக்கு ஐம்பது சுழற்சி
சுவரில், குழல்விளக்கில், என் நாற்காலிக் காலில்.
திரையில் கோடுகள் எல்லாம்
மயிர் சிலிர்த்த கம்பளிப்பூச்சிகளாய்
வரிசையாக ஊர்கின்றன.

கண்ணை மூடச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் கழித்து, மூடியபடியே:
"இப்ப ஒருத்தர நெனச்சேன். தெரிஞ்சுதா?"
"தெரியாதுங்க."
"நெசமா?"
"சந்தை அன்னிக்கு மேல்ரோட்டுல நின்னா
இரைச்சல் கேக்கும். யாரு என்ன வெல சொன்னாங்கன்னு
கேக்குமா?"
அவள் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது.
முன்பக்கக் கோடுகள் அடங்கியதில்
அது எனக்கும் தெரிந்தது.
யாரை என்று கேட்கவில்லை.

நாலு தடவை சரிவில் விழுந்திருக்கிறாள்.
எஸ்டேட் கடிதத்தில் ஒரே வரி:
'வேலைக்கு அஞ்சி மயக்கம்.'
இந்தக் கோடுகளில் ஒன்றும் அகப்படாவிட்டால்
அறிக்கையில் 'இயல்பு' என்று வரும்.
இயல்பாக இருந்தும் வலிப்பு வரலாம் என்பது
எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும்.
கடிதம் எழுதியவருக்கு அந்த ஒரு சொல் போதும்.

பதினொன்று பத்துக்கு மின்தடை.
இது வேறு மின்தடை,
ஆனித் தூறலில் எங்கோ ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்து வருவது.
கீழே மோட்டார்கள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டன.
என் கணினி பேட்டரியில் ஓடியது.
கம்பளிப்பூச்சிகள் மயிர் உதிர்த்து
மெல்லிய நூலாயின.
ஜன்னலில் மஞ்சு வந்து நிற்க
அந்த அமைதியிலேயே அவள் தூங்கிப்போனாள்.

கண் மூடியவர்களின் சீரான அலை கலைந்து
தூக்கத்தின் கதிர்கள் இரண்டு, மூன்று.
அப்புறம் இடது பொட்டில்
ஒரு முள்.
நொடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் நேரம்.
ஒரு கோடு மேலே நீட்ட, அடுத்தது கீழே நீட்ட,
முனையும் முனையும் முட்டின.
மூன்று நிமிடம் கழித்து இன்னொன்று, அதே இடத்தில்.

'அப்பாடா' என்றேன், சத்தமாகவே.
அடுத்தவர் தலையில் முள்ளைக் கண்டு
மகிழ்கிற உத்தியோகம்.

மின்சாரம் வந்ததும் விழித்துவிட்டாள்.
"தூங்கிட்டனா? வேல நேரத்துல தூங்கினதே இல்ல."
"நல்லாத் தூங்குனீங்க."
"சீட்டு கெடைக்குமா?"
"டாக்டர் வியாழக்கிழமை வருவாருங்க."

வெந்நீர் இல்லை. ஈரத்துணியால்
பசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
காதோரம், பிடரி, பொட்டு என்று
முடியைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது.
கயிற்றின் தடத்தில் மட்டும்
ஒரே துடைப்பில் போய்விட்டது.