ஆமை மிதிக்காத மூலை

குத்தாயிசியில் மார்ச் மழை.
பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடம்,
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நாலு பலகை.
மூன்று முடிந்துவிட்டன.
ஒன்றரைக்கு ஒன்றரை.
மீதி, லம்ஸீராவும் எத்தேரியும்.

போத்தி அணிக்கு முழுப்புள்ளி வேண்டும்,
இல்லையென்றால் அடுத்த வருடம் இரண்டாம் பிரிவு.
அணித்தலைவி நானூலி வாய் திறக்கக் கூடாது.
தண்ணீர் குடிக்கிறாள். அதையும்
அர்த்தமில்லாமல் குடிக்கப் பார்க்கிறாள்.

இந்த ஊரில் மந்திரிக்கு ஆமை என்று பெயர்.
ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம் கணக்கு.
லம்ஸீராவின் வெள்ளைக் கட்டத்து ஆமை
இருபதாவது நகர்த்தலிலேயே
எத்தேரியின் வீட்டுக்குள் புகுந்துவிட்டது.
ராணிகள் போயின. யானைகள் போயின.
பார்த்திருந்தவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு
எழுந்துவிட்டார்கள்.

முப்பத்தெட்டில்தான்.
கடிகாரத்தில் பதினோரு விநாடி.
ஆமையாலும் வெட்டலாம், சிப்பாயாலும் வெட்டலாம்.
கை முந்திக்கொண்டது.
வெட்டிய சிப்பாய் ஒரு வரிசை தள்ளி
ஓரத்தில் போய் நின்றது.
ஒரே ஒரு வரிசை.

லம்ஸீரா துறைமுகத்தில் சுங்கக் கணக்கு எழுதுபவள்.
ஒரு கட்டம் தள்ளி விழுந்த எண்
மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும்.
இது பன்னிரண்டே நகர்த்தலில் வந்தது.

எத்தேரி குதிரையைக் கொடுத்தாள்,
மிச்சமிருந்த இன்னொரு சிப்பாயை வாங்கினாள்.
பிறகு ராஜாவை மூலைக்கு நடத்திக்கொண்டு போனாள்,
பால் வாங்கப் போகிறவள் மாதிரி.
மூலை கறுப்பு.
வெள்ளையில் பிறந்த ஆமை
ஆயுசுக்கும் அதை மிதிக்காது.

ஓர் ஆமை அதிகம், ஒரு சிப்பாய் அதிகம்,
ஜெயிக்கத்தான் வழியில்லை.
இருவருக்கும் தெரியும்.
தனக்குத் தெரியாதது போல நானூலியின் முகம்.
லம்ஸீரா இன்னும் ஒன்பது நகர்த்தல் ஆடினாள்.
மூலை, பக்கத்துக் கட்டம், மறுபடி மூலை.
எத்தேரி ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.
அந்த மரியாதைதான் சுட்டது.

கை நீட்டினாள்.
இரண்டுக்கு இரண்டு.

சமன் என்று மின்பலகைக்குப் புரிய
ராஜாக்கள் இரண்டையும் நடுவில்
ஒட்டி நிறுத்த வேண்டும்.
ஆட்டம் நடக்கும்வரை
எந்த விதியும் விடாத நெருக்கம்.
நிறுத்தினார்கள்.

"ஆமையால வெட்டியிருந்தா?"
"நீ இப்ப அழுதுக்கிட்டு இருப்பே."
"அழமாட்டேன்."
"சரி. மாட்டே."

மேசைக்கடியில் குனிந்து
லம்ஸீரா ஒற்றைக் கையுறையைத் தேடினாள்.
போத்தி வண்டி ஹாரன் அடித்தது,
இரண்டாவது தடவையாக.