இடது கை

வெள்ளகோவில் மூலனூர் ரோட்டில்
புண்ணாக்குக் கடைக்கு மேல் மாடி.
பத்தொன்பது படி.
தாடையைக் கையில் தாங்கி
எண்ணிக்கொண்டே ஏறினேன்,
அவயத்துக்கு வைக்கிற முட்டையைக்
கொண்டுபோகிறவள் போல.

சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்.
சொத்தை அடைக்க எழுநூறு.
வேர் சிகிச்சை மூவாயிரத்து ஐந்நூறு.
உறை தனி. பீங்கான் உறைக்கு இன்னும் எச்சு.
கடைசியில் சிவப்பு எழுத்து:
வலி தெரியாமல் செய்யப்படும்.

எங்கள் வீதிச் சீட்டுக்காரரும்
வலி தெரியாமல்தான் செய்தார்.

ரிசப்ஷன் பெண் கேட்டாள்.
பேரு? துளசிமணி.
வயசு? நாற்பத்தாறு.
சர்க்கரை, பிரஷர்? இல்லை.
பயம் இருக்குங்களா?
அதற்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்.
நான் வாய் திறப்பதற்குள் டிக் போட்டுவிட்டாள்.

டாக்டர் சுபாஷினிக்கு
என் பெரியவள் வயசுதான் இருக்கும்.
நாற்காலியில் சாய்த்துக் கிடத்தி
ஒவ்வொன்றாய்ச் சொன்னாள்,
ஒரம்பரைக்குப் பலகாரம் எடுத்து வைப்பது போல.
ஊசிக்கு முன்னால் ஈறில் தடவ ஒரு ஜெல்,
ஆரஞ்சு வாசம் வருமுங்க.
சத்தம் ஆகலைன்னா காதுக்குப் பாட்டு.
குளிர்ந்தால் போர்வை.
ரொம்பப் பயந்தவங்களுக்கு மூக்கில் வைக்கிற வாயு,
ஈரோட்டிலிருந்து ஆள் வரணும், செலவு தனி.
காசை மூணு தவணையாக் குடுக்கலாம்.

சத்தம் எனக்கு ஒன்றும் இல்லை என்றேன்.
பன்னிரண்டு வருஷமாக ஆட்டோகோனர்.
ஒரே நேரத்தில் அறுபது கோன் சுற்றும்.
வீட்டில் யார் முணுமுணுத்தாலும்
காதில் விழாது. அது ஒரு சௌகரியம்.
எதுவும் வேண்டாம் என்ற பிறகும்
காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்
அந்த ரிசப்ஷன் பெண்.
வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

"வலிச்சா இடது கையைத் தூக்குங்கக்கா.
அப்பவே நிறுத்திடுறேன்."

இதைத்தான் நான் நம்பவில்லை.

மில்லில் கையைத் தூக்கினால்
என்ன, வேண்டுதலா என்பார் மேஸ்திரி.
நூல் விரலை அறுத்தபோது தூக்கினேன்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன்.
காங்கயம் ஆஸ்பத்திரியில் சின்னவன் பிறந்தபோது
ரெண்டு கையையும் தூக்கினேன்,
கட்டிலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.
எதுவும் நின்றதில்லை.

ஜெல் மிட்டாய் போல இருந்தது.
ஊசி, ஒரு எறும்பு.
நாக்கு வேறு யாருடையதோ ஆயிற்று.
உதடு தடித்து அரசாணிக்காய்.
கடைவாய்ப் பல்லுக்குள் டிரில் இறங்கியது.
மக்காச்சோளம் கருகுகிற வாசம்.
வலி இல்லை.
நிஜமாகவே இல்லை.
விளக்கின் விளிம்பில் சின்னதாய் என் வாய்,
யார் வீட்டுக் கதவோ திறந்து கிடப்பது போல.

தூக்கினேன்.

நின்றது.

கீழே மூட்டை இறக்குகிறவர்கள்
பேசுவது கேட்டது.
ஒருத்தன் இன்னொருத்தனை மாப்ளே என்றான்.
முகக்கவசத்துக்கு மேல் இரண்டு கண்கள்
என் மேல் குனிந்தன.
"வலிக்குதுங்களா அக்கா?"
பஞ்சு அடைத்த வாயோடு சொன்னேன்:
"இல்லீங். நிக்குமான்னு பாத்தேன்."

அவள் சிரிக்கவில்லை.
"இன்னொருக்கா பாக்கறீங்களா?" என்றாள்.

பார்த்தேன்.
நின்றது.

முதல் தவணை ஆயிரத்து இருநூறு.
ராகி டப்பாவுக்குள் சேர்த்த சிலுவாடு,
ரெண்டு நோட்டில் மாவு ஒட்டியிருந்தது.
தட்டிவிட்டு வாங்கிக்கொண்டாள்.
ரெண்டு மணி நேரம் சூடா எதுவும் வேண்டாம்,
அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம்,
அடுத்த சிட்டிங் வியாழன்.
ஷிப்ட் மாற்றச் சொல்லிக் கேட்கணும்.

படி இறங்குவதற்குள் மூலனூர் பஸ் நகர்ந்துவிட்டது.
மரத்த வாயால் கூப்பிட வரவில்லை.
இடது கையைத் தூக்கினேன்.

போய்விட்டது.

சித்த நேரம்
இறக்காமலே நின்றிருந்தேன்.