அலை விழுந்த எழுத்து

இதை முடிவு செய்ய எனக்குப் பதினேழு நாள் ஆயிற்று.
கல்யாணத்தை முறிக்க மூன்று நாள்தான்.

நண்டுப் படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறேன்
புன்டா அரேனாஸில், துறைமுகம் பார்த்த இரண்டாம் மாடியில்.
மடிக்கணினிக்கு வயது பதினொன்று.
உடைந்த கீலை, படகோட்டிகள் ஓட்டை அடைக்கும் பிசினால்
ஒட்டியிருக்கிறேன்.
அதை ஆன் செய்துவிட்டுக் கெட்டிலை வைத்தால்
தண்ணீர்தான் முதலில் கொதிக்கும்.

போன மாதம் ஒரு பொத்தான் விழுந்தது,
அடியிலிருந்த ரப்பரும் கிழிந்து:
தலையில் அலை சூடிய எங்கள் ஸ்பானிய ன.
அந்த அலை இல்லாமல் 'ஆண்டு' என்று அடித்தால்
எங்கள் மொழியில் அது ஆசனவாய்.
'கடந்த ஆசனவாயின் நிலுவை' என்று
கேப்டன் ட்ராகோமிருக்கு ஒரு கடிதம் போய்விட்டது.
மனிதர் அன்றே பணத்தைக் கட்டினார்.
அதிலிருந்து பழைய கடிதம் ஒன்றைத் திறந்துவைத்து
அந்த ஒற்றை எழுத்தை நகலெடுத்து ஒட்டுகிறேன்,
நாளொன்றுக்கு நாற்பது ஆண்டுகள்.

தூக்கிப் போடு, யாஸ்னா, என்றான் தம்பி.
எதையும் அப்படித்தான் சொல்வான், சாந்தியாகோவிலிருந்து.

நிபால்டோ பின்மூடியைக் கழற்றினான்.
பன்னிரண்டு திருகுக்குப் பதினொன்றுதான் இருந்தது.
பேட்டரி ஈஸ்ட் போட்ட மாவாக உப்பியிருந்தது.
மூச்சை அடக்கி அதைத் தூக்கி
மணல் வாளிக்குள் வைத்தான்.
பிறகு டார்ச் அடித்து, "இங்கே பாருங்கள்."
நினைவகத்துக்கு இரண்டு இருக்கை.
ஒன்றில்தான் ஆள்.
மற்றது பதினொரு ஆண்டாகக் காலி,
தங்கப் பற்கள் மினுங்க, புத்தம் புதுசாக.

சோம்பேறி என்று நான் திட்டிய நாளெல்லாம்
இது இப்படியேதான் இருந்திருக்கிறது.
வேறு எதையெல்லாம் திறந்து பார்க்காமலே திட்டினேன் என்பது
தனிக் கணக்கு. இன்றைக்கு வேண்டாம்.

காற்று மணிக்கு நூற்றுப் பத்து.
தெருமுனையில் நகராட்சி கட்டிய கயிற்றைப் பிடித்துப் பிடித்து
பஸ் ஏறி, வரியில்லாச் சந்தைக்குப் போனேன்.
வாங்க அல்ல என்றுதான் சொல்லிக்கொண்டேன்.
நான்கு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பெசோ.
தொட்டதும் விழித்துக்கொண்டது,
என்ன கேட்கப்போகிறேன் என்று முன்பே தெரிந்ததைப்போல.
கையை எடுக்க மனமில்லை.
பிறகு குனிந்து விசைகளைப் பார்த்தேன்.
அலை எழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
ஓர் அரைப்புள்ளி.
"மயாமி சரக்கு," என்றாள் விற்பவள். "பழகிவிடும்."

பழகிவிடும்தான்.
பழகியதால்தானே பதினொரு ஆண்டு.

பிஸ்கட் அளவில் ஒரு நினைவகத் துண்டு வாங்கினேன்.
ஒரு கையால் கயிற்றையும்
மறுகையால் சட்டைப்பையையும் பிடித்தபடி வீடு வந்தேன்.

இப்போது தண்ணீருக்கு முன்னால் திரை வருகிறது.
பேட்டரி கப்பலில் வரும். வரலாம்.
அதுவரை, காற்று மின்கம்பியை உலுக்கினால்
பாதிச் சொல்லில் எல்லாம் இருண்டுபோகும்.
நேற்றும் போயிற்று, 'இந்த ஆண்டு' என்பதில்
அலையை ஒட்டப்போன நேரம்.
இருட்டில் உட்கார்ந்திருந்தேன்,
நகலெடுத்துவிட்ட, இன்னும் ஒட்டாத அந்த எழுத்து
இந்நேரம் எங்கே இருக்கும் என்று.