கொங்சி வண்டி

முதலில் தண்ணீர் எடுக்காதே. நகம் போதும்.
ரப்பர் முட்களுக்கு நடுவே இறுகிய களிமண்ணைக் கிளறினால்
கட்டி கட்டியாய் உதிரும்.
அப்புறம்தான் பழைய பல்துலக்கி,
சோப்புத் தண்ணீர் நிரப்பிய பீச்சும் போத்தல்,
கமுண்டிங் ஆலையில் ஓட்டை விழுந்ததென்று
ஒதுக்கிய ஒரு ஜோடி நீலக் கையுறை.
(வார்த்த மெஷினைப் பார்த்துக்கொண்டவனும் நான்தான்,
ஒதுக்கியவனும் நான்தான்.)

வாளியில் மட்டும் முக்கக் கூடாது.
ரிம்மில் ஊசி நுழையும் அளவு ஒரு துளை இருக்கிறது.
அதன் வழியே உள்ளிருக்கும் பஞ்சு குடித்த தண்ணீரை
இரண்டு நாளைக்குக் கக்காது.
வளைவில் வண்டி
சம்பள இரவுக்காரனைப் போல் ஒரு பக்கம் சாயும்.
துளைக்கு டேப் ஒட்டு. சாய்த்துப் பிடி.
பீச்சு, தேய், துடை.
நான்கு டயருக்கு நாற்பது நிமிடம்.

சுங்கை சிப்புட்டில்
மறுநடவுக்காகச் செம்பனை சாய்த்த நிலம்.
கன்று வரும்வரை ஓட்டிக்கொள்ளுங்கள் என்றது நிர்வாகம்.
கால்வாய்க் குழாயை இரண்டாய்ப் பிளந்து ஓரம் கட்டினோம்.
பதினோரு வளைவு, ஒரு மேடு,
மேட்டுக்கு அந்தப் பக்கம்
யாரும் அள்ளிப் போடாத ஓர் அடிமரம்.
ஞாயிறு காலை அஸ்ருல் விசிலோடு வருவான்,
ஆ கியோங் பேட்டரி சார்ஜரோடு,
பிள்ளைகள் கவிழ்ந்த வண்டியைத் தூக்கி நிறுத்த
வெறுங்காலோடு.

வண்டி எனக்கும் நகுலேந்திரனுக்கும் கொங்சி.
ஆளுக்கு எண்ணூற்று ஐம்பது வெள்ளி.
அவன் என் தங்கை வீட்டுக்காரன்.
இந்த மாதம் அவன் ஓட்டுவான், நான் கழுவுவேன்,
அடுத்த மாதம் மாறும் என்று பேச்சு.
பதினான்கு மாதமாய்
இந்த மாதம்தான் நடக்கிறது.

குறை சொல்லவில்லை.
ஓட்டுகிறவனுக்குத் தெரியாதது கழுவுகிறவனுக்குத் தெரியும்.
இடது முன் டயரில் வெளி வரிசை மொட்டையானால்
மூன்றாம் வளைவில் அவசரப்பட்டிருக்கிறான்.
பின் டயர் இரண்டும் நடுவில் தேய்ந்தால்
பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று
தேவையில்லாமல் விசையை அமுக்கியிருக்கிறான்.

போன சனி இரவு பெட்டியைத் திறந்தேன்.
மேலே சுத்தம்.
ரிம்மும் ரப்பரும் ஒட்டுகிற இடுக்கில்
வெள்ளையாய் என்னவோ மினுக்கியது.
விரல் நுனியில் எடுத்து விளக்கில் பார்த்தேன்.
மணல்.
எங்கள் மண் மீன் சட்டி நிறம்,
கால்சட்டையில் பட்டால் மூன்று துவைப்புக்குப் போகாது.
இது பத்து காஜா பக்கம்,
ஈயம் தோண்டிய குட்டைக் கரையில் கிடப்பது.
வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிப்டு என்றல்லவா சொன்னான்.

மூன்று டயரைக் கழுவினேன்.
நான்காவதை அப்படியே விட்டேன்.

காலையில் நட்டு முறுக்கும்போது பார்த்துவிட்டான்.
'இது கழுவலையா மச்சான்?'
'கழுவுனா போயிடும்.'
அவன் டயரைத் திருப்பினான். இன்னொரு முறை திருப்பினான்.
காது மடல் எங்கள் மண் நிறத்துக்கு வந்தது.
ரிமோட்டை என் கையில் வைத்துவிட்டு
பிள்ளைகளோடு மேட்டோரம் போய் நின்றான்.

எட்டு வண்டியில் நான் ஏழாவது.
எட்டாவது பேட்டரி செத்துப் பாதியில் நின்றது.
மூன்றாம் வளைவு அவ்வளவு சுலபமில்லை,
கழுவும்போது அது தெரிவதில்லை.
அடிமரத்தில் இரண்டு தடவை கவிழ்த்தேன்,
இரண்டு தடவையும் அவன்தான் ஓடி வந்து நிமிர்த்தினான்,
முழங்கால் வரை சேறு.

எல்லோரும் போன பிறகு
கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து
பல்துலக்கியை எடுத்துக்கொண்டான்.
நான் பக்கத்தில் தே ஆறுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெகு நேரம் தேய்த்தான்.
'அங்க மூணாவதா வந்தேன் மச்சான்.
கோப்பை கார் பூட்டுல இருக்கு.
ஒன்பது நாளா யார்கிட்டயும் சொல்லல.'

'டயரைக் கழுவுனது யாரு?'

'நான்தான்.'

'தெரியுது.'