தற்காலிகமாக

மண்டூர்த் துறையில் பாதைக்காக நிற்கிறோம்.
அது அக்கரையில், குருமண்வெளியில்.
எஞ்சினுக்குள் தண்ணீர் போய்ப் படுத்துவிட்டதாம்.
இரண்டு மோட்டார் சைக்கிள், மூன்று பேர்,
கையடக்கக் காற்றுமானி ஒன்று,
ஹெல்மெட்டுக்குள் பொறுக்கிப்போட்ட ஆலங்கட்டி
பாதி தண்ணீராகிவிட்டது.

சதாகரன்தான் தொடங்கினான்:
"காலைமை அறிக்கையை இன்னொருக்கா வாசி."
இஹ்திஷாம் வாசித்தான்,
செய்தியாளரின் குரலை வரவழைத்துக்கொண்டு.
கிழக்கு, ஊவா மாகாணங்களில்
பிற்பகல் இரண்டு மணியின் பின்னர்
இடியுடன் கூடிய மழை.
தற்காலிகமாகப் பலத்த காற்றும் வீசக்கூடும்.

"தற்காலிகமாக!"
சதாகரன் ஓட்டுத்துண்டொன்றை வாவிக்குள் எறிந்தான்.
"நாலு நிமிஷம். தற்காலிகம்தான்.
இருபத்தேழு வீட்டுக் கூரை.
குணநாயகத்தாரின்ட உழவு மெசின் பெட்டி
மாமரத்தில ஏறி நிக்குது.
செய்மதிப் படம் எங்களுக்கே வந்ததுதானே?
பன்னிரண்டரைக்கே நவகிரிப் பக்கம்
மேகம் பால்மாதிரிப் பொங்கினது.
சுழல்காற்று வரலாம் எண்டு
ஒரு வரி எழுதியிருந்தா
கை முறிஞ்சிருக்குமோ அவங்களுக்கு?"

இஹ்திஷாம் கணக்குப் படிப்பிக்கிறவன்.
"எழுதலாம். எந்த ஊருக்கு எண்டு எழுதுறது?
சித்திரையில பின்னேரத்துக்குப் பின்னேரம்
இதே மேகம்தான்.
நாப்பது நாள் எழுதினா
நாப்பத்தோராம் நாள் ஆர் வாசிப்பான்?
போன கார்த்திகையில சிவப்பு எச்சரிக்கை.
மூணு நாள் தோணி இறங்கல்ல.
மூணு நாளும் நல்ல வெயில்.
என்ட மாமா கொழும்பைப் பாத்துத் திட்டினதை
நோன்பு வாயால சொல்லேலா."

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்டுமில்ல.
பிழையாச் சொல்லி மூணு நாள் பட்டினி.
சொல்லாம விட்டு நாலு நிமிஷம்.
ரெண்டையும் நிறுக்கிற தராசு
உன்னட்ட இருந்தாக் காட்டு."

சதாகரனிடம் இருக்கவில்லை.
ஆனாலும் விடவில்லை.
எழுபத்தெட்டை இழுத்தான்,
ராடார் இல்லாததை இழுத்தான்,
படுவான்கரை எண்டாலே அவங்கட படத்தில
வெறும் பச்சைதான் என்றான்.
இஹ்திஷாம் பேரீச்சம்பழப் பொட்டலத்தைத்
தொட்டுப் பார்த்தான். பொழுதுபட
இன்னும் இருபது நிமிஷம்.

பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தார்.
சொப்பிங் பையில் சின்னக் காற்சட்டைகள்,
ஒரு துவாய், பிளாஸ்க்.
பின்னேர வகுப்பில் இருந்த மகனை
ஆம்புலன்ஸ் சுற்றுப்பாதையால் ஏற்றிப்போய்விட்டதாம்,
களுவாஞ்சிகுடிக்கு.
தலையில் ஓடு. பேசுகிறானாம்.

"பிள்ளையள் காலநிலைக் கந்தோர் ஆக்களா?"

"இல்ல அக்கா.
நாங்க சும்மா பாக்கிற ஆக்கள்."

"அப்ப, பாத்தீங்களா?"

வாவியில் ஒரு மீன் துள்ளி விழுந்தது.
மற்ற இருவரும் என்னைத்தான் பார்த்தார்கள்.
போன் என்னிடம்தான்.

மூன்று மணி எட்டுக்குத் தொடங்குகிறது காணொளி.
வயற்கட்டில் நிற்கிறோம்.
மேகத்தின் அடியிலிருந்து
ஆனைத் தும்பிக்கையாக ஒன்று இறங்கி
வைக்கோலை மணக்கிறது.
எங்கள் குரல்கள்:
ஆட்டாத! போனை ஆட்டாத!
மச்சான், நிலத்தைத் தொட்டுட்டுது!
பிறகு சிரிப்பு. மூவரின் சிரிப்பும்.
அதிலே என்னுடையதுதான் கிட்டக் கேட்கும்.
அந்த ஊர்க் கிராம சேவகரின் இலக்கம்
இதே போனில் இருக்கிறது.
கோயில் ஒலிபெருக்கிக்காரனின் இலக்கமும்.
பள்ளிக்கூடத்தில் அடித்தது
மூன்று பத்தொன்பதுக்கு.

அவரிடம் கொடுத்தேன்.
சத்தத்தை மட்டும் குறைத்துக் கொடுத்தேன்.

முகத்தருகே பிடித்துப் பார்த்தார்.
திட்டுவார் என்று காத்திருந்தோம்.
ஓரிடத்தில் விரலை வைத்தார்.
"இந்தா, நீலத் தகரம்.
எங்கட வீடு."
காற்று அப்போதுதான்
வலப்பக்கமிருந்து வரத் தொடங்குகிறது.

"இதில நிப்பாட்டுங்க மனே."

நிறுத்தினேன்.

அக்கரையில் எஞ்சின் இருமி இருமிப் பற்றிக்கொண்டது.
பாதை வெளிக்கிட்டு வாறமட்டும்
அவர் போனைத் திருப்பித் தரவில்லை.
கேட்கவுமில்லை நாங்கள்.
திரை மங்கும்போதெல்லாம்
விரலால் தொட்டுத் தொட்டு
எழுப்பிக்கொண்டிருந்தார்.
சார்ஜ் ஆறு வீதம்.
மறுகா ஐந்து.
கூரை இருந்தது.