மொட்டை மாடிக்கு வெள்ளை

எங்கள் வீட்டுக்கு மேலே வீடு இல்லை.
வெயில்தான் குடியிருக்கிறது,
வாடகை தராமல், காலி செய்யாமல்.

ஓட்டேரியில் மூன்றாவது மாடி,
நாற்பது வருஷக் கட்டடம்.
பகலெல்லாம் தின்றதை
ராத்திரி இரண்டு மணி வரை கக்கும் சீலிங்.
ஃபேன் அதை அள்ளி அள்ளி
எங்கள் மேல் கொட்டும்.

அசோசியேஷன் மீட்டிங்கில் கேட்டேன்.
"மாடி எல்லாருக்கும் பொதும்மா" என்றார் வரதன்.
"சூடு?"
அதற்குள் டீ வந்துவிட்டது.

ரஃபீக் வந்து டேப் பிடித்தார்.
எழுநூற்று இருபது சதுர அடி.
தட்டோடு பதித்தால் லட்சத்தைத் தொடும்,
அதைக் கட்டடம் தாங்குமா என்று
குதிகாலால் இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.
பாசி சுரண்ட, விரிசல் அடைக்க,
வெள்ளை பெயின்ட் இரண்டு கோட்,
கூலியோடு நாற்பத்தொன்றாயிரம்.

ஜெயசீலன் காலண்டர் பின்பக்கத்தில் வகுத்தார்.
ஒரு பில்லுக்கு ஆயிரத்து நூறு மிச்சம் என்றாலும்
போட்ட காசு திரும்ப ஆறு வருஷம், சொச்சம்.
பெயின்ட் எத்தனை வருஷம் நிற்கும்?
"வருஷா வருஷம் கழுவி வச்சா
நாலு, அஞ்சு" என்றார் ரஃபீக்,
மறைக்காமல்.

கணக்கு உதைத்தது.
ஸ்கூட்டிக்கென்று கட்டிய சீட்டைத்
தள்ளி எடுத்தேன்.

மே மாதம்
எதிர் ப்ளாக் குமுதினி போன் செய்தாள்:
"உங்க வெளுப்பு எங்க கிச்சன்ல வந்து விழுதுக்கா,
கடுகு எது எண்ணெய் எதுன்னே தெரியல."
நியாயம்தான்.
நாங்கள் வாங்காமல் திருப்பி அனுப்பிய வெயில்
எங்கேயாவது போகத்தானே வேண்டும்.
மூங்கில் தட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.
எண்ணூறு ரூபாய்.
காலண்டரில் அதையும் ஏற்றினார்.

ரீடிங் எடுக்க வந்தார்கள்.
நானூற்றுத் தொண்ணூற்றாறு.
ஐநூறைத் தாண்டினால் வேறு விலை;
நாலு யூனிட்டில் தப்பினோம்.
மீட்டர் பெட்டி முன்னால் நின்று
சிலுவை போட்டுக்கொண்டார் மனிதர்.

அன்றைக்கு ராத்திரி ஒன்றரைக்கு
பழக்கதோஷத்தில் எழுந்தேன்,
தரைக்குத் தண்ணீர் தெளிக்க.
சொம்பை மொண்டுகொண்டு வந்தால்
பெனியல்
போர்வையை இடுப்பு வரை இழுத்து மூடி
வாயைத் திறந்து தூங்குகிறான்.
கத்திரியில்.
போர்வை.
சொம்புத் தண்ணீரை நானே குடித்தேன்.

இதைக் காலண்டரில் எங்கே எழுதுவது என்று
காலையில் கேட்டேன்.
பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு
வேலைக்குப் போய்விட்டார்.

ஆடிக்காற்றில் மாடி முழுக்கப் புழுதி,
காக்கை எச்சம், யாரோ விட்ட பட்டத்தின் வால்.
ஞாயிற்றுக்கிழமை வாளியோடு ஏறினேன்.
வரதன் பெட்ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.
"இப்பல்லாம் துணி கீழ விழுந்தாக்கூட
அழுக்காகறதில்லம்மா,
நல்ல வேலை பண்ணீங்க."

துடைப்பம் ஒன்றுதான் இருந்தது.
அவரிடம் நீட்டினேன்.