வால்வு திறக்கிறவன் சொல்வது

காலை ஐந்தேகாலுக்கு
கேட்வால்வைத் திருகும்போதே தெரியும்
எந்த வீட்டில் எத்தனை வாய் என்று.
குடத்தை வைத்தே சொல்வேன்.
பவளராணி வீட்டுக்கு ஆறு குடம்.
ஏழாவதாக ஒரு பெயிண்ட் வாளி
புரட்டாசியிலிருந்து வரிசையில் நிற்கிறது.
மருமகள் வந்துவிட்டாள் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சோலைமட்டத்து மேல்தொட்டிக்கு இதெல்லாம் தெரியாது.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கென்று கட்டினது அது.
சிமெண்டில் எழுதியே வைத்தார்கள்;
பாசி தின்றது போக மூன்று மட்டும் மிச்சம்.
முந்நூற்றுப் பதின்மூன்றாவது ஆள்
கணக்கு முடிந்த வாரமே பிறந்துவிட்டான்.
இப்போது கோத்தகிரியில் ப்ளஸ் ஒன் படிக்கிறான்,
முகம் கழுவத் தண்ணீர் இல்லை என்று
தினமும் என்னைத் திட்டிவிட்டு பஸ் ஏறுகிறான்.

நேற்று ஜெசிந்தா டீச்சர் வந்தார்.
கழுத்தில் ஓர் அட்டை,
கணுக்காலில் ஓர் அட்டை.
இரண்டாவதை உப்பு வைத்துப் பிடுங்கிப் போட்டோம்.
"வழி காட்டுங்கண்ணா" என்றார்.
வழியென்ன வழி, குழாய் போகிற வழிதான்.

முதல் வீட்டில் ரேஷன் கார்டை நீட்டினார்கள்.
அதில் செத்தவர் இரண்டு பேர்,
திருப்பூர் போய்த் திரும்பாதவள் ஒருத்தி.
"கார்டு வேண்டாம்மா,
இங்க படுத்துத் தூங்குறவங்களைச் சொல்லுங்க."

எட்டாம் வீட்டில் கதவு சாத்தியிருந்தது.
கொடியில் நாலு சட்டை ஈரமாய்த் தொங்க
உள்ளே ஆளே இல்லாத அமைதி.
ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த பையன்கள்.
எனக்குத் தெரிந்த இந்தி ஒரே சொல்.
"பானி" என்றேன்.
நாலு பேரும் வாளியோடு ஓடி வந்தார்கள்.
டீச்சர் சிரித்து முடித்து எழுதவே கால் மணி ஆயிற்று.

கடைசி வீடு யோகேஸ்வரி அக்காவுடையது.
"எழுத வேண்டாம்" என்றார்.
"சின்னப் பிள்ளையில எங்கள எண்ணினாங்க.
உனக்கு இத்தன லட்சம், எனக்கு இத்தன லட்சம்னு
ரெண்டு தேசம் பங்கு போட்டுச்சு.
எண்ணி முடிச்சா கப்பல் வரும் தம்பி.
எனக்கு இனி ஏற முடியாது."

டீச்சர் போனைக் கீழே இறக்கினார்.
கப்பல் வராது என்று சத்தியம் செய்ய
நான் யார்? பஞ்சாயத்தில் தினக்கூலி.
தெரிந்ததை மட்டும் சொன்னேன்.
"அக்கா, வாய் எத்தனைன்னு எனக்குத் தெரியும்.
மேல தொட்டிக்குக் கையெழுத்துப் போடுறவருக்கு
நம்பர் மட்டும்தான் தெரியும்.
உங்க குழாயில தண்ணிக்கு முன்னாடி
அரை மணி நேரம் காத்து வருதே,
அது யாரும் எண்ணாதவங்களுக்கு வர்ற காத்து."

வாசல் குழாய் அந்நேரம் புஸ்ஸென்றது.
நான் ஏற்பாடு செய்ததில்லை.
அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு முந்தானையில் கை துடைத்தார்.
"ரெண்டு பேர். நானும், வாய் பேசாத என் தம்பியும்.
பிறந்த ஊர் ஹட்டன்.
அதையும் கேட்டா அப்படியே எழுதுங்க,
பொய் எழுத வேண்டாம்."

திரும்பும்போது டீச்சர் கேட்டார்:
"நீங்க எந்த வீடுண்ணா?"
"எனக்கேது வீடு, மோட்டார் ரூம்."
"அங்கயா தூங்குறீங்க?"
பதினொரு வருஷமாக என்றேன்.
சிவப்புக் கட்டியை எடுத்து
'அபாயம்' என்ற எழுத்துக்குக் கீழே
நாற்பத்தேழு என்று எழுதினார்.
பேர் கேட்டார்.
மோட்டார் சத்தத்தில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டதற்குச் சொல்லவில்லை;
சொல்லக் கூடாதாம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு இல்லை,
அது போதும் எனக்கு.

நாளைக்குக் கீழ் லயன்.
மஞ்சு இறங்குமுன் வந்துவிடுவோம்.
கதவைத் திறந்து வையுங்கள்.
தேவசகாயம், உன் நாயைக் கட்டிப்போடு.
டீச்சருக்கு அட்டை கடித்ததே போதும்.